எடெய்ர்னியன் கிளாக்கரின் கொப்பி

"உமக்கு இது சரிவராது" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், நிரஞ்சலா அதைச் செய்து முடிக்காமல் விடமாட்டாள். திருகோணமலைக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரச கந்தோரில், கிளாக்கராக இருந்த காலத்திலிருந்தே அவளுடைய குணம் அது. மொன்றியலுக்கு வந்து பதினொரு வருடம் ஆகியும் அது மாறவில்லை. பகலில் புவாண்ட்-கிளேரில் ஒரு மருந்துச்சாமான் களஞ்சியத்தின் கந்தோரில் ஓடர் எடுக்கும் வேலை. வாரத்தில் மூன்று நாள் பின்னேரம் பஸ் பிடித்து, மெட்ரோ மாறி, டவுன்டவுனில் இருக்கும் பல்கலைக்கழகத்துக்குப் போவாள். அப்படிப் போய்ப் போயே வரலாற்றில் பட்டம் எடுத்துவிட்டாள். இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு, நாற்பத்து மூன்று வயதில், முதுமாணிப் படிப்புக்கும் இடம் கிடைத்துவிட்டது. ஆய்வு செய்ய ஒரு தலைப்புத்தான் இன்னும் அகப்படவில்லை.

அந்தத் தலைப்பு மே மாதத்து ஒரு சனிக்கிழமை, ஏரிக்கரைப் பக்கம் ஒரு வீட்டின் முற்றத்தில், மேசை விளக்குகளுக்கும் பழைய பனிச்சறுக்குப் பலகைகளுக்கும் நடுவில் கிடந்தது. வீட்டுக்காரி எலினெட் வீட்டை விற்றுவிட்டுச் சின்ன அப்பார்ட்மென்ட் ஒன்றுக்குப் போகிறாள். அறுபத்தைந்து வயது, தனிக்கட்டை, நெடிய உருவம். சாமான்களை முற்றத்தில் பரப்பிவிட்டுக் கதிரையில் இருந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

நிரஞ்சலா தேடி வந்தது ஒரு புத்தக அலுமாரியை. கண்ணில் பட்டதோ கறுப்பு அட்டையும் சிவப்பு முதுகும் கொண்ட ஒரு தடித்த கொப்பி. கச்சேரியில் இதே மாதிரிக் கொப்பிகள் அடுக்கடுக்காக இருக்கும். கை தானாகவே அதைத் திறந்தது. உள்ளே அச்சடித்தாற்போன்ற கையெழுத்து. தலைப்புகள் ஆங்கிலத்தில் இருந்தன, மற்றதெல்லாம் அவளுக்குத் தெரியாத ஒரு மொழி. ஆனால் ஓரத்தில் இருந்த குறிகள் தெரியும். ஒரு திகதி, அதன் பக்கத்தில் பி.எஃப். என்று இரண்டு எழுத்து. அந்தத் திகதிக்கு இந்தக் கோவையை மறுபடி மேசைக்குக் கொண்டுவா என்று அர்த்தம். கீழே சின்னதாக ஒரு சுருக்கொப்பம். அவளே ஆயிரம் தடவை எழுதிய குறி அது.

"இதை எழுதினவர் கவுன்சில் கந்தோரில் கிளாக்கராக இருந்தவர்" என்றாள் நிரஞ்சலா.

எலினெட் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். "அது என் அப்பா. உனக்கு எப்படித் தெரியும்?"

"நானும் கிளாக்கர்தான்."

எலினெட் கதையைச் சொன்னாள். தகப்பன் பெயர் இட்ரிஸ் எல்லிஸ். வேல்ஸின் வடக்கே, டீ ஆற்றங்கரையில் கோர்வென் என்றொரு சின்னப் பட்டினம். அதைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு எடெய்ர்னியன் என்று பெயர். இலங்கையின் பிரதேச சபை மாதிரி அதற்கென்று ஒரு கிராமிய மாவட்ட சபை இருந்தது. இட்ரிஸ் அங்கே முப்பத்தைந்து வருடம் கிளாக்கர். எலினெட்டுக்கு ஆறு வயதாக இருந்தபோது தாயும் தகப்பனும் பிரிந்துவிட்டார்கள். தாய் அவளைக் கூட்டிக்கொண்டு லிவர்பூலுக்குப் போனாள். பன்னிரண்டு வயதுத் தமையன் கெரைன்ட் தகப்பனோடு நின்றுகொண்டான். அதனால் அவனுக்கு வேல்ஸ் மொழி இருந்தது, இவளுக்குப் போய்விட்டது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்கில் சபையைக் கலைத்தார்கள். அடுத்த வருடம் தகப்பன் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மகளிடம் மொன்றியலுக்கு வந்தார். எண்பத்தெட்டில் இறந்துபோனார்.

"இந்தக் கொப்பியை நான் வாசித்ததில்லை. வாசிக்கத் தெரியாது. குப்பைக்குப் போடவும் மனம் வரவில்லை. உனக்கு வேண்டுமானால் கொண்டுபோ" என்றாள் எலினெட்.

நிரஞ்சலா அலுமாரியை மறந்துபோனாள். கொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

புருஷன் ஜெறோம் மட்டக்களப்பான். துறைமுகத்திலிருந்து கொண்டெய்னர் ஏற்றும் லொறி ஓட்டுகிறவன். மேசையில் கிடந்த கொப்பியை ஒருதரம் பார்த்தான், மனைவியின் முகத்தை ஒருதரம் பார்த்தான்.

"இதென்ன பாஷை?"

"வேல்ஸ்."

"உனக்குத் தெரியுமா?"

"இல்லை. படிக்கப்போறன்."

"சரி, படி" என்றான் ஜெறோம். "மறுகா எனக்கும் சொல்லித்தா. லொறியில தனியப் போக்குள்ள பாட்டாவது படிக்கலாம்."

ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியர் தெறோஷே அவ்வளவு லேசில் மசியவில்லை. செப்டம்பரில் அவரிடம் தலைப்பைக் கொண்டுபோனபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"மதாம், நீங்கள் திருகோணமலைக்காரர். அந்தத் துறைமுகத்தைப் பற்றி எழுதினால் உலகம் வாசிக்கும். வேல்ஸில் செத்துப்போன ஒரு குட்டிச் சபை உங்களுக்கு எதற்கு?"

"உங்களிடம் ஒரு மாணவர் ரோமாபுரியைப் பற்றி எழுதுகிறார். அவர் பிறந்தது இங்கே பக்கத்து லவாலில். அவரிடமும் இதைக் கேட்டீங்களா?"

தெறோஷே சிரித்துவிட்டார். ஆனால் பிடியை விடவில்லை. "அந்தச் சபையில் அப்படி என்ன இருக்கிறது?"

நிரஞ்சலா ஆயத்தமாகத்தான் போயிருந்தாள். எடெய்ர்னியன் என்பது கந்தோர்காரர்கள் கண்டுபிடித்த பெயர் அல்ல என்றாள். சிற்றரசர்கள் காலத்திலேயே அது ஒரு நாட்டுப் பிரிவு. ஆயிரத்து இருநூற்று எண்பத்து நான்கில் இங்கிலாந்து அரசன் வேல்ஸைப் பிடித்து மாவட்டங்களாக வெட்டியபோது, அதை மெரியொனெத் என்ற மாவட்டத்தில் சேர்த்தான். அறுநூறு வருடம் கழித்து, ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்று நான்கில், அதே பெயரில் கிராமிய மாவட்ட சபை வந்தது. எண்பது வருடம் ஓடியது. பிறகு லண்டனில் ஒரு சட்டம். சபை போனது. மெரியொனெத்தில் இருந்த ஊர்களைத் தூக்கி க்ளூயிட் என்ற புது மாவட்டத்தில், க்ளின்டூர் என்ற புதுப் பிரிவுக்குள் போட்டார்கள். இருபத்திரண்டு வருடத்தில் அந்தப் புதுசுகளும் போயின. இப்போது அந்த ஊர்கள் டென்பீஷயரில் இருக்கின்றன.

"ஊர் அசையாமல் இருந்த இடத்தில இருக்குது, சேர். சபைகள்தான் வந்து வந்து போகுது" என்றாள். "நான் இருக்கிற புவாண்ட்-கிளேர் நேற்றுவரைக்கும் தனி நகரம். போன வருடம் மொன்றியலுக்குள்ள கரைச்சுவிட்டீங்கள். இப்ப திரும்பப் பிரிக்கலாமோ என்று வாக்கெடுக்கப்போகினமாம். ஒரு சபை சாகிறபோது உள்ளே இருக்கிற ஆள் என்ன செய்கிறான்? எந்தப் பாலம், எந்தக் கிணறு, எந்த ஒழுங்கை என்று ஆர் ஆருக்குச் சொல்லிவிட்டுப் போறது? அதை ஒரு கிளாக்கர் நாள் நாளாக எழுதி வைத்திருக்கிறார். அந்தக் கொப்பி என்னிடம் இருக்குது."

தெறோஷே கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "அது வேல்ஸ் மொழியில் இருக்கிறது."

"ஓம். வசந்தத்துக்குள்ள படிச்சுப்போடுவன்."

இன்னொரு காரணமும் இருந்தது. அதை அவள் சொல்லவில்லை. தொண்ணூறாம் ஆண்டு ஜூன் மாதம் சண்டை மூண்டபோது, அவள் தன் மேசையை யாரிடமும் பாரம் கொடுக்காமல்தான் ஓடிவந்தாள். காணி கேட்டு எழுதியவர்களின் முப்பத்தெட்டுக் கோவைகள் அவளுடைய இழுப்பறையில் இருந்தன. அவற்றுக்கு என்ன ஆனது என்று இன்றுவரை தெரியாது. இட்ரிஸ் எல்லிஸ் ஒழுங்காகப் பாரம் கொடுத்துவிட்டுப் போன மனுஷன். அந்த மனுஷனை அவளுக்குப் பிடித்திருந்தது.

அந்தக் குளிர்காலம் முழுவதும் அவள் காதில் வேல்ஸ் மொழிதான். நூலகத்தில் எடுத்த ஒலிநாடாவும் படம் போட்ட பாடப்புத்தகமும் எந்நேரமும் கைப்பைக்குள் இருந்தன. இரண்டு 'எல்' எழுத்தைச் சேர்த்து நாக்கோரத்தால் காற்றை ஊதிச் சொல்லும் ஒலி வேற்றாட்களுக்கு இலேசில் வராதாம். நிரஞ்சலா பச்சை லைன் மெட்ரோவில் நின்றபடியே ஊதி ஊதிப் பழகினாள். பக்கத்தில் நின்றவர்கள் தள்ளி நின்றார்கள். ழகரமும் ளகரமும் பேசி வளர்ந்த நாக்கு, இரண்டே வாரத்தில் பிடித்துக்கொண்டது. முன்னால் ஒரு சொல் வந்தால் பின்னால் வரும் சொல்லின் முதலெழுத்துத் தேய்ந்துபோவதும் அவளுக்கு அதிசயமாகப் படவில்லை. "எங்கட புணர்ச்சி மாதிரித்தான், என்ன, அவையளுக்குத் தலையில வருது" என்று ஜெறோமுக்கு விளங்கப்படுத்தினாள். கோயிலில் கண்ட ஜெறோமின் தமக்கை அல்போன்சம்மா, "உந்த நேரத்துக்கு பிரெஞ்சைத் திருத்தமாப் படிச்சாலாவது நல்ல வேலை எடுக்கலாம்" என்று முகத்துக்கு நேரே சொன்னாள். "அதுவும் படிக்கிறன் மச்சாள்" என்றாள் நிரஞ்சலா.

ஏப்ரலில் கொப்பி வாய் திறக்கத் தொடங்கியது. இட்ரிஸ் கடைசி ஒன்றரை வருடமும் ஒவ்வொரு ஊராக நடந்திருக்கிறார். கோர்வென், லான்ட்ரிலோ, க்விதெல்வெர்ன். எந்த மதகு எந்த மழைக்கு உடையும், எந்த வாய்க்காலின் மூடி எந்தப் புதருக்குள் இருக்கிறது, எந்த வீட்டுக்காரர் வரி கட்டப் பிந்தினாலும் கடைசியில் கட்டிவிடுவார் என்றெல்லாம் எழுதியிருந்தார். புதுக் கந்தோரில் யார் வந்து இருந்தாலும் தடுமாறக்கூடாது என்ற எண்ணம். வாசித்த பக்கங்களைப் படி எடுத்து வைத்துக்கொண்டு, நிரஞ்சலா இரண்டு கிழமைக்கு ஒருமுறை எலினெட்டின் புது அப்பார்ட்மென்டுக்குப் போவாள். வாசித்துக் காட்டுவாள். தகப்பனை அறியாமல் வளர்ந்த பெண் அவரைத் துண்டு துண்டாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஜூன் இருபதாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, வாக்கெடுப்பு. புவாண்ட்-கிளேர் மொன்றியலில் இருந்து பிரிவதா, இருப்பதா. எலினெட் காலையிலேயே போய் வாக்குப் போட்டுவிட்டு வந்து நல்ல உற்சாகத்தில் இருந்தாள். நிரஞ்சலா கொப்பியோடு போனபோது மேசையில் கேக் இருந்தது.

"அப்பாவின் சபைக்கு இப்படி வாக்கெடுப்பு ஒன்றும் கிடைக்கவில்லை" என்றாள். "கடைசி நாள் என்ன எழுதினார்? அதை வாசி. எனக்கு ஒரு காரணம் உண்டு."

காரணத்தையும் சொன்னாள். தகப்பன் கோர்வெனை விட்டுப் போனபோது அங்கே ஒரு பேச்சு அடிபட்டதாம். கைமாற்றப் பத்திரங்களில் அவருடைய கையெழுத்துத்தானே இருந்தது. 'எல்லிஸ் எடெய்ர்னியனை விற்றுவிட்டுக் கனடாவுக்குப் போய்விட்டான்' என்று ஆட்கள் கதைத்தார்களாம். தமையன் கெரைன்ட் அதை நம்பினான். அதனால்தான் தகப்பன் சாகும்வரை அவருக்கு அவன் ஒரு கடிதம்கூடப் போடவில்லை. எலினெட் நம்பவில்லை. ஆனால் மறுக்க அவளிடம் ஆதாரம் ஒன்றும் இல்லை.

நிரஞ்சலா கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். மார்ச் முப்பத்தொன்று, எழுபத்து நான்கு. ஐந்தாறு வரிதான். கந்தோர்க் கதவுகளின் திறப்புகளைக் கொடுத்தாயிற்று, பெயர்ப்பலகையைக் கழற்றி உள்ளே வைத்தாயிற்று. அதுவரை தங்குதடையில்லாமல் வாசித்து வந்தாள். கடைசி வரியில் 'குவெர்த்' என்று ஒரு சொல் வந்தது. அந்தச் சொல் அவளுக்குத் தெரிந்ததுதான். பாடப்புத்தகத்தில் ஒரு வீட்டின் படம் இருந்தது. வாசலில் நட்ட பலகையில் 'அர் வெர்த்', அதாவது விற்பனைக்கு. முன்னால் 'அர்' வந்ததால் முதலெழுத்துத் தேய்ந்திருக்கிறது, தேயாவிட்டால் அது 'குவெர்த்'. அகராதி கைப்பைக்குள்ளேயே கிடந்தது. அவள் எடுக்கவில்லை.

"'இதன் விற்பனையை அறிந்தவன் நான்' என்று முடித்திருக்கிறார்" என்றாள்.

சொல்லி முடித்த பிறகுதான் எலினெட்டின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் இரத்தமே இல்லை.

"விற்பனை என்றா எழுதியிருக்கிறார்? நிச்சயமாகத் தெரியுமா?"

நிரஞ்சலா ஒருகணம் தயங்கியிருக்கலாம். தயங்கவில்லை. "நிச்சயம். அந்தச் சொல் எனக்குத் தெரியும்."

எலினெட் எழுந்து கொப்பியை மூடினாள். மூடி எடுத்துக்கொண்டாள். "நன்றி. நீ போகலாம். இது என்னிடமே இருக்கட்டும்."

அன்று இரவு புவாண்ட்-கிளேர் பிரிவதென்று முடிவானது. தெருவில் கார்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டு போயின. நிரஞ்சலா கேக்கைத் தொடாமல் வந்ததை ஜெறோமிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு எலினெட் தொலைபேசியை எடுக்கவில்லை. நிரஞ்சலா ஒரு கடிதம் எழுதினாள், பதில் இல்லை. ஆய்வை விட்டுவிடலாமா என்று ஒருதரமாவது நினைத்தாளா என்றால், இல்லை. அவள் அந்த இனம் அல்ல. கையில் இருந்த படிகளை வைத்துக்கொண்டு கோடை முழுவதும் எழுதினாள். பாலங்களையும் வாய்க்கால்களையும் பற்றிய அத்தியாயம் முடிந்தது. ஓரங்களில் இட்ரிஸ் பொடி எழுத்தில் எழுதியிருந்த குறிப்புகளைக் கடைசியில் பார்ப்போம் என்று ஒதுக்கி வைத்திருந்தாள். அவற்றை எடுத்தது ஒக்டோபரில், களஞ்சியக் கந்தோரில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில்.

லான்ட்ரிலோப் பக்கம். ஒரு கல்லுப் பாலம், அதற்கு நேரே ஓரத்தில் மூன்று சொல். முதல் சொல் 'குவெர்த்', கடைசிச் சொல் வைத்துக்கொள்வது, பேணுவது என்ற பொருளில் வருவது. அடுத்து ஒரு ஊற்றுக் கிணறு, அதற்கும் அதே மூன்று சொல். அடுத்து தேவாலயத்துச் சவக்காலையில் நிற்கும் ஒரு மரம். அதற்கும் அதே.

நிரஞ்சலா சாப்பாட்டுப் பெட்டியைத் தள்ளி வைத்தாள். பாலத்தை ஆராவது விற்பானா? பாலத்தைக்கூட ஒரு விசரன் விற்கலாம். சவக்காலை மரத்தை ஆர் விற்பான்? விற்கவும் வேணும், வைத்திருக்கவும் வேணும் என்று எந்தக் கிளாக்கர் எழுதுவான்?

சிரிப்புத்தான் முதலில் வந்தது. அது பாதியில் நின்றது. கைப்பையைத் திறந்து அகராதியை எடுத்தாள். 'குவெர்த்': பெறுமதி, மதிப்பு. 'அர்' சேர்ந்தால் மட்டுமே விற்பனைக்கு.

பேணிக்கொள்ளப் பெறுமதியானது. பாலமும் கிணறும் மரமும். கடைசி வரியில் 'அர்' இல்லை. இதன் பெறுமதி அறிந்தவன் நான். அந்த மனுஷன் எழுதியது அதுதான்.

அவளுக்குக் காதுமடல் சுட்டது. நாலு மாதம். ஒரு மகள் நாலு மாதமாகத் தகப்பனைக் கள்ளன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள், அகராதியைத் திறக்கச் சோம்பற்பட்ட ஒருத்தியால். மேலாளரிடம் போய், "எனக்கு இப்பவே போகவேணும். ஒரு பிழை விட்டிட்டன், திருத்தோணும்" என்றாள். அவள் அப்படிக் கேட்டு அவர் கண்டதில்லை. தலையாட்டினார்.

எலினெட் கதவைத் திறந்தாள். சங்கிலியைக் கழற்றவில்லை.

"நான் பிழையாக வாசிச்சிட்டன்" என்றாள் நிரஞ்சலா. சுற்றி வளைக்கவில்லை. "உங்கட அப்பா விற்பனை என்று எழுதவில்லை. பெறுமதி என்று எழுதியிருக்கிறார். சொல்லை அரைகுறையாகத் தெரிஞ்சுகொண்டு, நிச்சயம் என்று சொன்னது நான். பிழை முழுக்க என்னுடையது."

கதவு மூடியது. நிரஞ்சலா அசையவில்லை. உள்ளே சங்கிலி விழும் சத்தம் கேட்டது. கதவு முழுதாகத் திறந்தது.

சமையலறை மேசையில் கொப்பியை நடுவில் வைத்து இருவரும் இருந்தார்கள். நிரஞ்சலா அகராதியை விரித்து, பாலத்தையும் கிணற்றையும் மரத்தையும் ஒவ்வொன்றாகக் காட்டினாள். எலினெட் விரலால் அந்தச் சொல்லைத் தடவிப் பார்த்தாள். கண்ணீர் வரவில்லை, கோபம்தான் வந்தது.

"அன்றைக்கே கெரைன்டுக்குப் போன் எடுத்தேன். 'நீ சொன்னது சரி, அப்பாவே எழுதி வைத்திருக்கிறார்' என்றேன். அவன் போனை வைத்துவிட்டான். அப்புறம் எங்களுக்குள் பேச்சே இல்லை. என்னிடம் மன்னிப்புக் கேட்டால் போதாது, நிரஞ்சலா. அவனிடம் நீ சொல்லவேண்டும். அவன் மொழியிலேயே சொல்லவேண்டும்."

"சொல்லுறன். ஞாயிற்றுக்கிழமை வாறன்."

ஞாயிறு மத்தியானம் அவள் ஜெறோமையும் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே வேல்ஸில் பின்னேரம். எலினெட் எண்களைத் தட்டி, ஒலிபெருக்கிப் பொத்தானை அழுத்தினாள். எழுபத்திரண்டு வயதுக் குரல் ஒன்று கரகரத்தது.

நிரஞ்சலா வணக்கம் சொன்னாள். தன் பெயரைச் சொன்னாள். வேல்ஸ் மொழியில் ஒரு பந்தி எழுதிப் பாடமாக்கி வந்திருந்தாள்: உங்கள் தகப்பனாரின் கொப்பியைப் பிழையாக வாசித்தது நான், உங்கள் தங்கச்சி அல்ல. இப்போது சரியாக வாசிக்கிறேன், கேளுங்கள். பிறகு கடைசிப் பக்கத்தை ஆரம்பத்திலிருந்து வாசித்தாள். திறப்புகள். பெயர்ப்பலகை. இதன் பெறுமதி அறிந்தவன் நான்.

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று ஜெறோம் தொலைபேசியைக் குனிந்து பார்த்தான்.

"அந்தச் சொல்லை நீ நீட்டிச் சொல்கிறாய். குறுக்கிச் சொல்" என்றது குரல், ஆங்கிலத்தில்.

நிரஞ்சலா குறுக்கிச் சொன்னாள்.

"இன்னும் இருக்கிறதா?"

"ஒன்றரை வருடத்துக் குறிப்பு இருக்குது."

"லான்ட்ரிலோவை வாசி."

வாசித்தாள். பாலம், கிணறு, மரம். இடையிடையே கெரைன்ட் உச்சரிப்பைத் திருத்தினார். ஒரு ஒழுங்கையின் பெயர் வந்தபோது, "அங்கேதான் எனக்குச் சைக்கிள் பழக்கினார்" என்றார். ஒரு மணித்தியாலம் போயிருக்கும். நிரஞ்சலாவுக்குத் தொண்டை வறண்டது. ஜெறோம் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான்.

"எலினெட்" என்றார் கெரைன்ட் திடீரென்று. "இருக்கிறாயா?"

"இருக்கிறேன்."

"விற்றுவிட்டான் என்று ஊர் பேசியது என்று உனக்குச் சொன்னேன். ஊர் பேசியது உண்மைதான். ஆனால் அந்தச் சொல்லை முதலில் சொன்னது நான். அவர் உன்னிடம் போகப்போகிறேன் என்று சொன்ன அன்று, மதுக்கடையில், எல்லாருக்கும் முன்னால். சபையை அவர் விட்டுப்போனதற்காக அல்ல. என்னை விட்டுப் போகிறாரே என்பதற்காக."

எலினெட் வாயைப் பொத்திக்கொண்டாள். நிரஞ்சலா மெல்ல எழுந்து ஜெறோமின் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனாள். இனி அவர்கள் கதைக்க வேறு யாரும் தேவையில்லை. வெளியே மேப்பிள் இலைகள் கொட்டிக் கிடந்தன. இருவரும் காருக்குள் இருந்து ஒரு மணித்தியாலம் காத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு எலினெட் சாளரத்தடியில் வந்து நின்று கையசைத்து, வந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று கூப்பிட்டாள்.

இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு மார்ச்சில் நிரஞ்சலா ஆய்வேட்டைக் கொடுத்தாள். முன்னுரையில் இரண்டாவது பக்கத்திலேயே, ஒரு சொல்லைப் பிழையாக வாசித்ததையும், அதனால் ஒரு குடும்பத்துக்கு வந்த வில்லங்கத்தையும், எப்படித் திருத்தினாள் என்பதையும் எழுதியிருந்தாள். தெறோஷே அந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டிருந்தார்.

"மதாம், மற்றதெல்லாம் மிக நன்று. உள்ளூராட்சிக் கந்தோரை உள்ளே இருந்து பார்த்து எழுதின ஆய்வு இவ்வளவு தெளிவாக என் கைக்கு வந்ததில்லை. ஆனால் இதை எடுத்துவிடுங்கள். தன் பிழையை யாரும் வாசலில் மாட்டுவதில்லை."

"சேர், கச்சேரியில பிழை விட்டால் அழிக்கக்கூடாது. ஒரு கோடு போட்டு வெட்டி, மேலே சரியானதை எழுதி, பக்கத்தில சுருக்கொப்பம் வைக்கோணும். அப்பத்தான் பின்னால வாறவன் நம்புவான். நான் வெட்டியிருக்கிறன், ஒப்பம் வைச்சிருக்கிறன். அது இருக்கட்டும்."

தெறோஷே அழிறப்பரை எடுத்துத் தன்னுடைய பென்சில் கோட்டைத்தான் அழித்தார்.

மே மாதம் வாய்மொழிப் பரீட்சை. மூன்று பேர் இரண்டு மணித்தியாலம் துளைத்தார்கள். வேறு பல்கலைக்கழகத்திலிருந்து வந்த பரீட்சகர் சபையின் கடைசி வருடத்து வரிவிதிப்பு முறையைப் பற்றிச் சிக்கலான ஒரு கேள்வி கேட்டார். நிரஞ்சலா பதில் சொல்லிவிட்டு, அவருடைய கேள்வியில் இருந்த ஒரு வருடப் பிழையையும் பணிவாகத் திருத்தினாள். அறையை விட்டு வெளியே வந்தபோது தாழ்வாரத்தில் ஜெறோம் வேலை உடுப்போடு நின்றான். துறைமுகத்திலிருந்து நேரே வந்திருந்தான்.

"பாஸா?"

"பாஸாகாம?"

எலினெட்டும் கெரைன்டும் பேசி முடிவெடுத்து, கொப்பியை வேல்ஸில் உள்ள ஆவணக் காப்பகம் ஒன்றுக்குக் கொடுப்பது என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள். தபாலில் அனுப்ப இருவருக்கும் மனமில்லை. தானே வந்து எடுத்துப்போவதாகக் கெரைன்ட் சொன்னார். வாழ்க்கையில் முதன்முதலாக விமானம் ஏறப்போகிறாராம்.

யூலையில் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் ஜெறோம்தான் காரை ஓட்டினான். விமான நிலையத்தின் வருகை வாசலில் எலினெட் நிலைகொள்ளாமல் அங்கும் இங்கும் நடந்தாள். கதவு திறந்து திறந்து மூடியது. கடைசியில் குட்டையான, சிவந்த முகமுள்ள கிழவர் ஒருவர் ஒற்றைப் பெட்டியோடு வந்தார். எலினெட் ஓடவில்லை, நடந்துதான் போனாள். இருவரும் கையைக் கொடுத்துக்கொண்டார்கள். பிறகு கையை விடவில்லை.

சற்றுப் பொறுத்து எலினெட் அவரைத் திருப்பி நிரஞ்சலாவைக் காட்டினாள். கெரைன்ட் தொப்பியைக் கழற்றினார். மடமடவென்று வேல்ஸ் மொழியில் ஏதோ சொன்னார், நீளமாக, மூச்சு விடாமல். நிரஞ்சலாவுக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. ஒலிநாடாவில் யாரும் இந்த வேகத்தில் பேசியதில்லை.

விளங்கினது மாதிரித் தலையாட்டியிருக்கலாம். அவள் ஆட்டவில்லை.

"இன்னொருக்கா" என்றாள் அவருடைய மொழியில். "ஆறுதலாச் சொல்லுங்கோ."

கிழவர் வாய்விட்டுச் சிரித்தார். பெட்டியைக் கீழே வைத்தார். சொல் சொல்லாகப் பிரித்து, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.